உள்ளூர் ஒன்று, உள்ளூர் இரண்டு

கட்டபெட்டுக்குக் கீழே
எங்கள் மலைக்கு வாய்த்த ஒரே சமதரை இது.
முந்நூறு மீட்டர் வட்டம், செம்மண்.
மூடிப்போன தேயிலை ஃபேக்டரியின்
விறகுக் கிடங்கு இருந்த இடம்;
மழை பெய்தால் இன்னும் கரித்துண்டு மேலே வரும்.

நான் கடிகாரம் பிடிக்கிறவள்.
வாரத்தில் ஆறு நாள் இலை எடை போடுகிறேன்,
ஞாயிறு மட்டும் நொடி.
இரண்டிலும் ஆட்கள் என்னை நம்புவதில்லை.

பிரேக் கிடையாது இந்த வண்டிகளுக்கு.
ஒரே கியர். எல்லாத் திருப்பமும் இடப்பக்கம்.
நான்கு பேர், நான்கு சுற்று,
நல்ல ஓட்டக்காரனுக்கு அறுபத்திரண்டு நொடி.
அவ்வளவுதான்.
அதற்கு முதல் வருஷம் மூவாயிரம் டிக்கெட் கிழித்தோம்.
போன மாதம் நூற்று எண்பத்தாறு,
அதில் நாற்பது ஓசி,
செயலாளர் போஜனின் சொந்தபந்தம்.

கூட்டம் குறையக் குறைய
போஜன் வெளியூரில் ஆள் பிடித்தார்.
கோலாப்பூரிலிருந்து இரண்டு பேர்,
பெங்களூரிலிருந்து மூன்று.
புள்ளிக்கு இவ்வளவு என்று பேச்சு.
அதே ஐவர் அடுத்த ஞாயிறு
வேறு ஊருக்கு, வேறு சட்டையில் ஓடுவார்கள்.
யாருக்காகக் கத்துவதென்று தெரியாமல்
ஜனம் கத்தாமல் இருந்து பழகியது,
பிறகு வராமல் இருந்து.

எங்கள் பிள்ளைகள் இடைவேளைக்கு.
மிளகாய் பஜ்ஜிக்கு எல்லோரும் எழுந்து போகிற
அந்தக் கால் மணி நேரத்துக்கு.
அச்சடித்த தாளில் அவர்களுக்குப் பெயர் இல்லை:
உள்ளூர் ஒன்று, உள்ளூர் இரண்டு.
பெட்ரோல் மிச்சம் பிடிக்க
இஞ்சினை அணைத்துவிட்டு
கீழ்க்கோத்தகிரி வரை இறங்கிப் பழகியவர்கள்.
சமதரையில்தான் தடுமாறுவார்கள்.
தவசீலனின் இடது பூட்ஸ் அண்ணனுடையது,
அடியில் ஷம்ஷீர் பற்றவைத்த லாரித் தகடு.
ரூபிணிக்கு ஹெல்மெட்டுக்குள் துணி அடைத்திருக்கும்.

"இதுங்க தயாராக அஞ்சு வருஷம் ஆகும்" என்பார் போஜன்.
அஞ்சு வருஷத்துக்கு முன்னாலும்
அதையேதான் சொன்னார்.

ஐப்பசியில் ஒரு ஞாயிறு
குஞ்சப்பனையில் மண் சரிந்து
ஐவர் வந்த வேன் மேட்டுப்பாளையத்தோடு நின்றது.
மைக்கில் சொன்னோம்.
முப்பத்தொரு பேர் காசைத் திரும்ப வாங்கினார்கள்.
மீதிப் பேர் பார்க்க நின்றார்களா
மழைக்கு ஒதுங்கினார்களா, சொல்ல முடியாது.

பன்னிரண்டு ஓட்டத்துக்கும் அதே நாலு பிள்ளைகள்:
தவசீலன், ஷம்ஷீர், ரூபிணி, சகாயராஜ்.
ஆறாவது ஓட்டத்தில் மஞ்சு இறங்கிவிட்டது.
மூன்றாம் திருப்பம் கண்ணில் இல்லை.
நான்கு சத்தம் உள்ளே போகும்,
நான்கு சத்தம் வெளியே வரும்.
கடைசிச் சுற்றில் மூன்றுதான் வந்தது.

பஜ்ஜி எண்ணெய் கருகுகிற வாசம்.
எல்லோரும் எழுந்திருந்தார்கள்.
"சீலா!" என்று ஒரு பெண் கத்தினாள்.
அம்மாவோ அத்தையோ இல்லை, பிறகு விசாரித்தேன்.
காலை ஏழரை பஸ்ஸில் அவனோடு போகிறவள், அவ்வளவே.
அதற்குப் பிறகு அந்தப் பக்கம் முழுக்க
சீலா, சீலா.

செயின் அறுந்த வண்டியைத் தள்ளிக்கொண்டு
மஞ்சுக்குள்ளிருந்து நடந்து வந்தான்,
ஒரு காலில் தகடு டக் டக்கென்று.
கோட்டைத் தாண்டும்போது
மூன்று நிமிஷம் நாற்பத்தெட்டு.
"அதை எழுதாதே" என்றார் போஜன்.
எழுதினேன்.
நான் எழுதியதிலேயே மெதுவான நேரம் அதுதான்.

அன்றைக்கு வேகம் ரூபிணி, அறுபத்தொன்பது.
கோலாப்பூர்க்காரருக்கு ஏழு நொடி பின்னால்.
ஏழு நொடி எவ்வளவு தூரமென்று
ராத்திரி கணக்குப் போட்டேன்:
நூற்றிருபது மீட்டர்,
டிக்கெட் கூண்டிலிருந்து டீக்கடை வரை.
குறைவு என்று சொல்ல மாட்டேன்.

செவ்வாய்க்கிழமை வழி திறந்தார்கள்.
வேன் வரும் என்று போன் வந்தது.
இந்த வாரத் தாளை அச்சகத்துக்குக் கொண்டு போகிற வழியில்
ஒன்று, இரண்டு, மூன்று, நாலை அடித்துவிட்டு
மேலே பெயர்களை எழுதினேன்.
யாரையும் கேட்கவில்லை.
அச்சகக்காரர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு
இனிஷியல் என்ன என்றார்.
எத்தனை வருஷமாக இந்தப் பிள்ளைகளுக்குக் கடிகாரம் பிடிக்கிறேன்,
ஒருவருக்கும் தெரியவில்லை.
இருங்கள், கேட்டுச் சொல்கிறேன் என்று
வெளியே வந்து
சிக்னல் தேடி ரோட்டில் ஏறினேன்.